புன்னையடிமுனைக்கு முதலிடம்

புன்னையடிமுனையைக் கடல் தின்னத் தொடங்கிச் சில வருடங்களாகின்றன. ஊரும் அதை ஒரு புதினமாகப் பேசுவதை விட்டுவிட்டது. "ஹிமாயாட வளவுல ரெண்டு தென்ன போயிட்டாம்" என்று ஒருவர் சொன்னால், "ஓம், சத்தம் கேட்டது" என்று மற்றவர் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பள்ளிவாசல், பேக்கரி, பாடசாலை மதில் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. கடற்கரைப் பக்கம் நடந்து போனால்தான் ஊர் மெலிந்துகொண்டு வருவது விளங்கும்.

மசூரின் வீடு கடலோரத்து முதல் வரிசையில் இருந்தது. பஸ்மிலாவைக் கலியாணம் முடித்து அவளுடைய சீதன வீட்டுக்கு அவன் போனபோது அது மூன்றாவது வரிசை. வீட்டை யாரும் நகர்த்தவில்லை. முன்னால் இருந்த இரண்டு வரிசையும் போய்விட்டதால் அது தானாகவே முன்னுக்கு வந்துவிட்டது.

போன மாரியில் கடல் அவர்களுடைய மலசலகூடத்தை எடுத்தது. மணலுக்கு அடியால் தண்ணீர் குடைந்து, கொங்கிறீற் தட்டோடு அப்படியே சாய்ந்து போயிற்று. அன்றிலிருந்து பஸ்மிலாவும் பதினாலு வயது மகளும் பக்கத்து வீட்டுக்குத்தான் போய் வந்தார்கள். பக்கத்து வீடு ஹிமாயாவுடையது. ஹிமாயாவும் பஸ்மிலாவும் ஒன்றாகக் குர்ஆன் ஓதப்போனவர்கள். அவளுடைய புருஷன் ஷரிபுதீன் மீன் வாங்கி விற்பவன், வாயில் எப்போதும் ஒரு பகிடி இருக்கும். அவனாகவே இடைவேலியில் ஒரு வழி பிரித்துவிட்டான். காலையில் பெண்கள் வருகிற நேரத்துக்கு எந்த வேலையும் இல்லாவிட்டாலும் சந்திப்பக்கம் போய்விடுவான். இதை அவனும் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை, மசூரும் ஒருநாளும் அவனிடம் கதைக்கவில்லை. இரண்டு ஆண்கள் கதைக்கிற விசயமில்லை அது.

மசூர் ஆட்டோ ஓட்டுபவன். அந்த ஒரே தகுதிக்காகவே கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அவனைச் செயலாளராக்கியிருந்தார்கள். கந்தோர் கந்தோராக அலைய வாகனம் வைத்திருக்கிறவன்தானே வசதி. கடற்கரையில் கல்லுத் தடுப்புப் போட்டுத்தரச் சொல்லி அவன் அலையாத கந்தோர் இல்லை. கடைசியில் எல்லாரும் கைகாட்டி அனுப்பிய இடம், புதிதாகத் திறந்திருந்த கரையோரக் கிராமிய நிலைபேறு அளவீட்டுச் செயலகம். கட்டடம் சிறியது. பெயர்ப்பலகை முன்பக்கத்தில் தொடங்கிப் பக்கச்சுவர் வரைக்கும் திரும்பிப் போயிருந்தது.

பணிப்பாளர் ஸஜாத் அவனை மரியாதையாக இருக்கச் சொன்னார். மசூர் தன்னுடைய போனில் இருந்த படங்களைக் காட்டினான். இடிந்த சுவர், சாய்ந்த மின்கம்பம், வேர் மேலே கிடக்கிற தென்னைகள்.

"இது படம்" என்றார் பணிப்பாளர்.

"ஓம் சேர்."

"படம் என்பது உணர்ச்சி. எங்களுக்கு வேண்டியது தரவு. முந்திய காலத்தில் எந்த ஊர் கூடுதலாக அழுததோ அந்த ஊருக்குக் கொடுத்தார்கள். அது திட்டமிடல் அல்ல. இப்போது ஒவ்வொரு கிராமத்தின் நிலைபேறான அபிவிருத்தியையும் நூற்றுக்கு இத்தனை என்று அளந்துவிடுகிறோம். அளந்த பிறகு நான் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. இலக்கம் தீர்மானிக்கும். எனக்கும் மனச்சாட்சிக்கும் இடையில் ஒரு பிரச்சினையும் வராது."

"அப்ப எங்கட ஊர எப்ப அளப்பீங்க சேர்?"

"விரைவில். தடுப்புக் கல்லுக்கு இந்த வருடம் காசும் ஒதுக்கியிருக்கிறது. அதுவரைக்கும் ஊரில் எதையும் மாற்றிவிடாதீர்கள். அளவு பிழைத்துவிடும்."

மாற்றமாட்டோம் என்று மசூர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். வரும் வழியில்தான் அந்த வாக்கைக் கடல் சார்பில் தான் எப்படிக் கொடுத்தேன் என்று யோசித்தான்.

அளக்க வந்தவள் அஸ்னா. நிந்தவூர்ப் பிள்ளை, பல்கலைக்கழகம் முடித்துப் பல வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. கையில் ஒரு டெப் கணினி, தலைக்குக் குடை, கழுத்தில் அடையாள அட்டை. செயலாளர் என்றபடியால் மசூரின் வீட்டில்தான் தொடங்கினாள். பஸ்மிலா கதிரையைத் துடைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து ஷரிபுதீனும் வேடிக்கை பார்க்க வந்து குந்திக்கொண்டான்.

"வீட்டுக்கும் பிரதான வாழ்வாதார வளத்துக்கும் எவ்வளவு தூரம் காக்கா?" என்று மசூரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"என்ன வளம் தங்கச்சி?"

அவள் டெப்பைப் பார்த்தாள். "கடற்கரைக் கிராமம் எண்டா கடல்."

"முந்தி நடந்து போகோணும். இப்ப குசினிக் கதவத் திறந்தா கடல்தான்."

"அப்ப முன்னேற்றம்" என்று அவள் அமத்தினாள்.

"முன்னேற்றமா?"

"தூரம் குறைஞ்சா முன்னேற்றம் எண்டுதான் இதுல இரிக்கி. பாடசாலை, ஆஸ்பத்திரி, சந்தை, கடல் எல்லாத்துக்கும் ஒரே கணக்கு."

"கடல்தான் கிட்ட வந்திச்சி புள்ள, நாங்க போகல்ல" என்றாள் பஸ்மிலா.

"யாரு வந்தது எண்டு இதுல கேக்கல்ல ராத்தா."

மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டாள். கம்பம் சாய்ந்ததால் கடலோர வரிசைக்குக் கரண்டை வெட்டிவிட்டார்கள் என்று மசூர் சொன்னான். மின்பாவனை வெகுவாகக் குறைந்திருப்பதாக டெப் மகிழ்ந்தது. மரம் வெட்டுகிறீர்களா என்று கேட்டாள். கடல்தான் சாய்க்கிறது என்றான். மனிதரால் அழிக்கப்பட்ட மரம் இல்லை. வீடுகளில் நெருக்கடி உண்டா என்று கேட்டாள். இருந்தவர்களில் எத்தனையோ குடும்பம் சொந்தக்காரர் வீடுகளுக்கும் பொடியன்கள் கட்டாருக்கும் போய்விட்டார்கள் என்றான். நெருக்கடி தணிந்துள்ளது.

"மலசலகூடம்?"

மசூர் நிலத்தைப் பார்த்தான். "இரிந்திச்சி."

அஸ்னா இல்லை என்று அமத்திப் பார்த்தாள். டெப் சிவப்பாகி உறுமியது. இந்த ஊர் முழுமையான மலசலகூட வசதி கொண்டதென்று ஏற்கெனவே சான்றிதழ் பெற்றிருக்கிறதாம். பிறகு எப்படி ஒரு வீட்டில் இல்லாமல் போகும்?

"உண்டு எண்டு போட்டாத்தான் அடுத்த கேள்விக்கு உடும் காக்கா" என்றாள் அவள், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"போடுங்க" என்றான் ஷரிபுதீன். "இரிக்கிதானே. கடலுக்குள்ள இரிக்கி. மீனுக்கும் ஒரு வசதி வேணும்." எல்லாரும் சிரித்தார்கள், பஸ்மிலா மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியாக இயற்கை அனர்த்தம் வந்தது. வறட்சி, வெள்ளம், காட்டு யானை, குரங்கு என்று நான்கு இருந்தன.

"கடலரிப்பு எங்க?" என்று மசூர் எட்டிப் பார்த்தான். இவ்வளவு நேரமும் அவன் காத்திருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

"அது இல்ல. 'ஏனையவை' எண்டு ஒண்டு இரிக்கி, அத அமத்தினா டெப் நிண்டுருது." அமத்திக் காட்டினாள். நின்றுவிட்டது. மீண்டும் முதலிலிருந்து, கடலுக்கு எவ்வளவு தூரம் என்பதிலிருந்து தொடங்கினார்கள். திரும்பவும் ஏனையவையில் நின்றது. வெயில் ஏறிவிட்டது. அஸ்னாவின் முகம் வாடிவிட்டது.

"வேற ஒண்டத் தெரிவு செய்வமா காக்கா? குரங்கு?"

"இஞ்ச குரங்கு இல்லயே தங்கச்சி."

"அப்ப அனர்த்தம் இல்ல எண்டு போடுறன்."

அப்படித்தான் புன்னையடிமுனை முதலிடத்துக்கு வந்தது.

விழா பாடசாலை மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகள் வரவேற்புப் பாடல் பாடினார்கள். மசூருக்குக் கண்ணாடியால் செய்த ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள். அது என்னவென்று விளங்காமலே வாங்கினான். வெளியே கடலின் இரைச்சல் கூடுதலாக இருந்ததால் பணிப்பாளர் ஒலிவாங்கியை வாய்க்குள் வைத்துப் பேச வேண்டியிருந்தது.

"அளக்கப்பட்ட எல்லாக் கிராமங்களிலும் புன்னையடிமுனைதான் அதிஉயர் புள்ளி பெற்றிருக்கிறது" என்றார். "நான் ஆச்சரியப்பட்டுப் பழைய கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். இந்தக் கிராமத்துக்கு நாங்கள் எதையாவது செய்திருக்கிறோமா? ஒன்றுமே செய்யவில்லை! வீதி போடவில்லை. தடுப்புக் கட்டவில்லை. அப்படியிருந்தும் இத்தனை புள்ளி! ஒன்றுமே கொடுக்காமல் நிலைத்திருப்பதுதானே நிலைபேறு. ஆகவே இந்த வெற்றியில் எங்களுடைய பங்களிப்பு மிகப் பெரியது. இனிமேலும் இந்த ஆதரவைத் தொடருவோம் என்று உறுதி கூறுகிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். மசூரும் தட்டினான். தட்டி முடிந்த பிறகுதான் கல்லைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பணிப்பாளர் வாகனத்தில் ஏறப் போகையில் ஓடிப்போய்ப் பிடித்தான்.

"சேர், அப்ப கல்லு?"

"எந்தக் கல்?"

"தடுப்புக்கு, கருங்கல்லு சேர். இந்த வருசம் காசு ஒதுக்கியிரிக்கி எண்டு நீங்கதான் சொன்னீங்க."

"அது கடைசியிடம் வந்த கிராமத்துக்கு. பட்டியடிவெளி."

மசூர் யோசித்தான். பட்டியடிவெளி தெரியும். உள்ளுக்கு, வயல்களுக்கு அப்பால், காட்டோரம். "அங்க கடல் இல்லயே சேர்?"

"அதனால்தான் கடைசி" என்றார் பணிப்பாளர் பொறுமையாக. "வாழ்வாதார வளத்துக்கான அணுகலில் அவர்களுக்குப் பூச்சியம். பாவம்."

மசூரால் நம்ப முடியவில்லை. சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கம் ஒரு ஹயர் வந்தபோது, ஆளை இறக்கிவிட்டு நேரே பட்டியடிவெளிக்கு ஆட்டோவை விட்டான். ஊர் தொடங்குகிற இடத்திலேயே கல் கிடந்தது. வாய்க்கால் கட்டு நீளத்துக்கு, ஆள் உயரத்துக்கு, நல்ல கருங்கல். ஒவ்வொன்றும் ஒரு அலையைத் திருப்பி அனுப்பக்கூடிய கல். மேலே ஆடுகள் நின்றன. வாய்க்கால் கட்டின்மேல் குந்தியிருந்த ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். சின்னப்போடி என்று பெயர் சொன்னார்.

"கடல் வந்தா மறிக்குமாம் தம்பி" என்றார். "எங்களுக்கு ஆனைதான் வருது. மின்சார வேலி போட்டுத் தாங்க எண்டு கேட்டம், கல்லக் கொண்டந்து கொட்டிட்டுப் போறாங்கள். இப்ப ஆனை வந்தா இதுல ஏறி நிண்டு பாக்கிறம், நல்லாத் தெரியும்."

"எங்கட ஊரக் கடல் கொண்டு போகுது ஐயா" என்றான் மசூர்.

சின்னப்போடி அவனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "அப்ப இதக் கொண்டு போங்கவன். உழவு மிசினையும் பெட்டியையும் நாங்களே தாறம். வயலுக்குப் போற வழியும் மறிபட்டுக் கிடக்கு."

இரண்டு பேரும் அந்த இடத்திலேயே ஒப்பந்தமாகிவிட்டார்கள். ஆனால் அளக்கப்பட்ட ஒரு கிராமத்தின் சொத்தை இன்னொரு கிராமத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு ஊரின் இலக்கமும் பிழைத்துவிடும் என்று பணிப்பாளர் மறுத்துவிட்டார். மசூர் அவருடைய மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். திட்டவும் தெரியவில்லை, அழவும் வெட்கமாக இருந்தது. அவன் நின்ற நிலையைப் பார்த்து அவருக்கே ஏதோ இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"உங்கள் புள்ளி குறைந்தால் ஒரு வழி இருக்கிறது. ஆனால் இடைக்கால மீளாய்வில் ஒரேயொரு குறிகாட்டியைத்தான் திரும்ப அளப்போம். சமூக ஒற்றுமை. அதில் உங்களுக்கு நூற்றுக்கு நூறு." நாடியைத் தடவினார். "உண்மையில் உங்களைக் கெடுத்தது அதுதான்."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். சண்டை பிடித்தால் கல் வரும் என்று மசூர் விளக்கினான். ஊரில் சண்டையே இல்லையென்றில்லை. ஆனால் கந்தோருக்குக் காட்டக்கூடிய தரத்தில் ஒன்றும் இல்லை. மௌலவி சொன்னார்: "சண்டை பிடிக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டன். கல்லு வேணாம் எண்டும் சொல்ல மாட்டன்."

"நானும் மசூரும் புடிக்கம்" என்று ஷரிபுதீன் எழும்பினான். "எங்களுக்குள்ள ஒண்டும் இல்ல. அதனால சேதமும் இல்ல."

மீளாய்வுக்கு அஸ்னா வந்த அன்று ஊரே இடைவேலியடியில் கூடிவிட்டது. சோளப்பொரி விற்பவன்கூட வந்திருந்தான். வேலிக்கு இந்தப்பக்கம் மசூர், அந்தப்பக்கம் ஷரிபுதீன்.

"நீ சரியில்லாத மனிசன்!" என்று மசூர் தொடங்கினான்.

"ஓம் மச்சான், அது மெய்தான்" என்றான் ஷரிபுதீன். சனம் சிரித்தது.

அஸ்னா டெப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "இது முரண்பாட்டுக்குள்ள வராது காக்கா. பகிடிக்குள்ள வரும். என்னத்துக்குச் சண்டை எண்டு கேக்குது. காணி, தண்ணி, எல்லை, இப்பிடி ஒரு காரணம் வேணும்."

"எல்லை எண்டு போடுங்க" என்றான் ஷரிபுதீன். அவன் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. "இந்த வேலி இரிக்கே, இது இந்த இடத்துல இரிந்த வேலி இல்ல. பஸ்மிலாட வாப்பா எங்கட பக்கம் தள்ளிப் போட்டது. ஹிமாயாட வாப்பா சாகுமட்டும் செல்லிச் செல்லித்தான் செத்தாரு."

மசூரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு ஷரிபுதீனின் கண்ணைப் பார்த்தான். அதில் சிரிப்பு இல்லை. பல வருடமாக அங்கே கிடந்த ஒன்று, கதவு திறந்ததும் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது.

"என்ட மாமாவக் கள்ளன் எண்டா செல்றாய்?"

"கள்ளன் எண்டு நான் செல்லல்ல. அளந்து பாரு எண்டுதான் செல்றன்."

"மௌத்தாகி மண்ணுக்குள்ள இரிக்கிற மனிசன இழுக்கிறயே, நீயெல்லாம் ஒரு மனிசனா? பழுதான மீன ஐசுல போட்டு விக்கிற உனக்கு மாமாட பேரச் செல்ல என்ன தகுதி இரிக்கி?"

சனம் சிரிப்பை நிறுத்திவிட்டது. யாரோ "போதும் மசூர்" என்றார்கள். ஷரிபுதீனின் கழுத்து நரம்பு எழும்பியது.

"என்ட மீன் பழுதுதான்! ஆனா காலயில விடிஞ்சா என்ட கக்கூஸுக்குத்தானே வருது உன்ட ஊட்டுப் பொம்புளைகள்! நான் உட்ட வழியாலதானே வருது!"

வாசலில் நின்ற பஸ்மிலா மகளின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஷரிபுதீன் தன்னுடைய வாயிலிருந்து வந்ததைத் தானே நம்ப முடியாதவன்போல நின்றான். அவர்கள் சண்டை பிடித்த வேலியில் பாதி ஏற்கெனவே கடலுக்குள் போயிருந்தது.

அஸ்னா அமத்திவிட்டிருந்தாள்; டெப் பச்சையாகி ஒரு மணி அடித்தது. கடுமையான முரண்பாடு பதிவாகியிருந்தது. அஸ்னா அதை அழிக்க முடியுமா என்று எங்கெல்லாமோ அமத்திப் பார்த்தாள். அழிக்க முடியவில்லை.

அன்று பின்னேரமே பஸ்மிலா வேலியிலிருந்த வழியைத் தென்னோலையால் அடைத்தாள். மசூர் உதவிக்குப் போனபோது, "நீங்க உங்கட கல்லப் பாருங்க" என்றாள். மறுநாளிலிருந்து அவளும் மகளும் விடியுமுன் சுபஹு நேரத்தில் ரோட்டைக் கடந்து பள்ளிவாசலுக்கு அங்கால் இருக்கிற ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டில் பெரிய குடும்பம். வெளியே நின்று காத்திருக்க வேண்டும். பகலில் மகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள் என்பதை மசூர் பிந்தித்தான் கவனித்தான். பாடசாலையில் மயங்கி விழுந்த அன்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டொக்டர் காரணம் கேட்டார். அவன் சொல்லவில்லை.

ஆனால் ஊரின் புள்ளி நன்றாக இறங்கியது. செயலகத்திலிருந்து லொறி வந்தது. கல் என்று நினைத்துச் சனம் ரோட்டுக்கு ஓடிற்று. லொறியிலிருந்து பிளாஸ்ரிக் கதிரைகள் இறங்கின. ஒற்றுமையில் விழுந்த ஊருக்கு ஒற்றுமைதான் கொடுக்கப்படும். தடுப்பு என்பது வேறு குறிகாட்டி. நாள் முழுக்க நல்லிணக்கச் செயலமர்வு, பகல் சாப்பாடு கோழி பிரியாணிப் பார்சல்.

செயலமர்வை நடத்த வந்த வளவாளர் ஒருவர் எல்லாரையும் வட்டமாக இருக்கவைத்து ஒரு நூல் பந்தைக் கொடுத்தார். பிடித்தமான ஒருவருக்கு அதை எறியச் சொன்னார். பந்து ஷரிபுதீனின் கைக்கு வந்தபோது அவன் மசூரைப் பார்த்தான். பிறகு கிராம சேவகருக்கு எறிந்துவிட்டான். முரண்பட்ட இரு தரப்பும் கைகோர்த்து நிற்கிற படமொன்று அறிக்கைக்குத் தேவைப்பட்டது. இருவரையும் முன்னுக்கு அழைத்தார்கள். ஷரிபுதீனின் கை மீன் ஐஸில் ஊறிக் காய்த்துப்போன கை. மசூருக்கு அதை நன்றாகத் தெரியும். படம் எடுக்கிறவர் "சிரியுங்க" என்று சொல்லும் வரைக்கும் இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சும்மா கிடந்தன.

"முரண்பாடு என்பதும் ஒரு வளம்தான்" என்று பணிப்பாளர் முடிவுரையில் சொன்னார். "இந்தக் கிராமத்தில் அது இல்லாமலிருந்தது. எங்கள் அளவீட்டின் மூலம் அதை உருவாக்கினோம். பின்னர் இந்தச் செயலமர்வின் மூலம் தீர்த்தோம். ஆரம்பத்திலிருந்து இறுதிவரை முழுமையாக எங்களால் செய்யப்பட்ட முதலாவது அபிவிருத்தி என்று இதைச் சொல்வேன்."

வாடைக்காற்று தொடங்கிய கிழமையில் கடல் ஷரிபுதீன் வீட்டு முன்சுவரைத் தொட்டது. ஒரு பகல் முழுக்க அலை வந்து வந்து இடித்தது. மாலையில் வீட்டு மண்டபத்தின் மூலை பிளந்தது. அவன் ஹிமாயாவையும் பிள்ளைகளையும் வயல் பக்கத்து ஊரொன்றிலுள்ள அவளுடைய தங்கச்சி வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தான். எஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும். அடுத்த நாள் காலை ஓடு கழற்ற ஆளைத் தேடினான். எல்லா வீட்டிலும் அதே வேலையாக இருந்ததால் ஒருவரும் கிடைக்கவில்லை. தனியாகவே ஏணியைச் சாத்தினான்.

மசூர் தன்னுடைய வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு ஓலையைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போனான். ஒன்றும் கேட்காமல் கூரைக்கு ஏறி ஓட்டைக் கழற்றி நீட்டினான். ஷரிபுதீன் கீழே நின்று வாங்கினான். ஓடு கைமாறுகிற சத்தமும் கடலும்தான். ழுஹர் தொழுகைக்குப் பிறகு ஹிமாயா தேத்தண்ணி கொண்டு வந்தாள். இரண்டு கோப்பைகளையும் ஒரே கல்லில் வைத்துவிட்டுப் போனாள்.

கதவு, சன்னல், கைமரம் எல்லாம் லொறியில் ஏறியது. வீட்டுக்குப் பின்னால், ரோட்டுப் பக்கமாக இருந்த மலசலகூடத்தின் தகரக் கதவைக் கழற்ற லொறிக்காரன் கம்பியோடு போனான்.

"அதுல கை வெக்காத" என்றான் ஷரிபுதீன். "அது இரிக்கட்டும்."

மசூர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டி வந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஷரிபுதீனே கிட்ட வந்தான்.

"மச்சான், அண்டைக்கு நான் செல்லியிரிக்கக் கூடாது."

"நானும்தான்" என்றான் மசூர். "மாமா வேலியத் தள்ளித்தான் போட்டாரு. எனக்குத் தெரியும்."

ஷரிபுதீன் தலையாட்டினான். லொறி புறப்பட்டது. ஹிமாயாவையும் பிள்ளைகளையும் மசூர் தன்னுடைய ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனான். பஸ்மிலாவும் வந்தாள். வழி முழுக்க இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். புதிய இடத்தில் சாமான் இறக்கிக்கொடுத்துத் திரும்பும்போது வயல்களில் வெயில் சாய்ந்துவிட்டது.

காரைதீவுச் சந்தியில் போன் அடித்தது. அஸ்னா.

"காக்கா, உங்கட ஊரப் பத்தி ஒரு கடிதம் வந்திரிக்கி. நேர செல்லுவம் எண்டுதான் எடுத்தன்."

"செல்லுங்க தங்கச்சி. கல்லா?"

"இல்ல காக்கா. குடும்பத் தொகை குறைஞ்சிட்டு. ஒரு ஊர அளக்கிறதுக்கு ஆகக் குறைஞ்சது இவ்வளவு குடும்பம் இரிக்கோணும் எண்டு இரிக்கி. உங்கட ஊர் அதுக்குக் கீழ போயிட்டு. அளக்க ஏலாத ஊருக்குத் திட்டம் போட ஏலா எண்டு பணிப்பாளர் எடுத்துட்டாரு. இனி புன்னையடிமுனை எங்கட கந்தோர்ல இல்ல."

மசூர் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினான். பின்னால் பஸ்மிலா என்ன என்று கேட்டாள். அவன் பொறு என்று கையைக் காட்டினான்.

"காக்கா, கேக்குதா?"

"கேக்குது."

"அந்த வேலியடியில... நான் அத அமத்தியிரிக்கக் கூடாது. எனக்குச் சரியான கவலை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "ஒருக்கா வந்து ராத்தாவப் பாப்பம் எண்டு நினைச்சன். ஆனா இனி என்னை உங்கட பக்கம் வேலைக்கு அனுப்ப மாட்டாங்க."

மசூருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. போகவேண்டிய இடத்துக்குப் போய்ச்சேராத எத்தனையோ கோபங்கள் அவனிடம் கிடந்தன. இந்தப் பிள்ளையில் அதைக் கொட்ட மனம் வரவில்லை.

"வேலையா வர ஏலாட்டி சும்மா வாங்க தங்கச்சி" என்றான். "ஊட்டுக்கு வாங்க, பஸ்மிலா ஆக்கித் தருவா. ஆனா பிந்தாம கெதியா வாங்க."